துரைவீட்டு வான்கோழி

பெங்களூர் கண்டோன்மென்ட் 1809இல் உருவானபோது அதனோடு சேர்ந்து வளர்ந்த பழைய ஊர் அல்சூர். 1834இல் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் பெங்களூருக்கு வந்தது. படையைத் தொடர்ந்து தமிழ்ச் சமையல்காரர்களும் பட்லர்களும் வந்தார்கள்.

துரைமாரின் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வேண்டும். அமெரிக்கக் கண்டத்துப் பறவை அது. கோவாவிலிருந்து வந்த ஒன்றை 1612இல் கண்டு வியந்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், ஓவியர் மன்சூரைக் கொண்டு அதை ஓவியமாக்கினார்.

1878இல் சென்னை ராணுவ அதிகாரி கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூலில் சமையல்காரருக்குப் பெயர் 'ராமசாமி'. அந்த ராமசாமிகளின் திறமை பெரிது. பங்களாவுக்குப் பின்னால் தனிக் குசினி, கரியடுப்பு. வெப்பத்தை அளக்கக் கருவி இல்லை. வான்கோழியின் தொடையில் கம்பியைக் குத்தி, வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஆனால் சாற்றின் நிறம் ஏமாற்றும். நெஞ்சுக்கறி உலரும்போதும் தொடை முழுதாக வேகாமல் இருக்கலாம். அங்கே சால்மொனெல்லா கிருமி பிழைத்திருக்கலாம். இன்று தெர்மாமீட்டர் முனையை எலும்பில் படாமல் தொடையின் தடித்த பகுதியில் செருகுகிறார்கள். 74 டிகிரி செல்சியஸ் காட்டினால்தான் பறவை அடுப்பிலிருந்து இறங்கும்.