சாங்வி வெள்ள அபாய வரைபடம்

சாங்வி, மகாராட்டிரத்தில் பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகராட்சிக்கு உட்பட்ட புறநகர்ப் பகுதி. பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கும் இடத்தை ஒட்டி, இரு ஆறுகளுக்கும் நடுவே அமைந்தது. அக்கரைகளில் ஔந்தும் தாபோடியும் உள்ளன. பவனாவின் மேற்பகுதியில் பவனா அணையும், முளாவின் மேற்பகுதியில் டாட்டா நிறுவனம் 1920களில் நீர்மின் உற்பத்திக்காகக் கட்டத் தொடங்கிய முல்ஷி அணையும் இருக்கின்றன. மழைக்காலத்தில் இரண்டிலிருந்தும் ஒருசேர நீர் திறக்கப்பட்டால் பழைய சாங்வியின் தாழ்ந்த தெருக்களுக்குள் ஆறு வரும்.

வெள்ளக் கோடுகள்

மகாராட்டிரப் பாசனத் துறை 1989ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் ஆற்றோர நிலத்தை இரு கோடுகளால் வகுத்தது. 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரத்தக்க வெள்ளத்தின் எல்லை நீலக் கோடு. 100 ஆண்டு வெள்ளத்தின் எல்லை சிவப்புக் கோடு. ஆற்றுக்கும் நீலக் கோட்டுக்கும் இடைப்பட்டது தடை மண்டலம். இரு கோடுகளுக்கும் நடுவே கட்டுப்பாட்டு மண்டலம். '25 ஆண்டுக்கு ஒருமுறை' என்பதை 'அடுத்தது 25 ஆண்டு கழித்துத்தான்' என்று படிப்பவர் ஏராளம். உண்மையில் ஆண்டுதோறும் 4 விழுக்காடு வாய்ப்பு என்பதே பொருள். 20 ஆண்டு வீட்டுக்கடன் அடைவதற்குள் அந்த வெள்ளம் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு.

வரையும் முறை

புவியியல் தகவல் முறைமையில் (ஜி.ஐ.எஸ்.) நில உயரம், ஆற்றின் குறுக்குவெட்டு, அணைத் திறப்பு, சர்வே எண், கட்டடம் ஆகியவை தனித்தனி அடுக்குகளாக ஏற்றப்படும். வினாடிக்கு இத்தனை கனஅடி திறந்தால் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதை ஹெச்.இ.சி.-ராஸ் போன்ற மென்பொருள் கணிக்கும். அதை நில உயரத்தின்மீது பொருத்தினால் நனையும் தெருக்கள் தெரியும். யாரை முதலில் வெளியேற்றுவது, முகாமை எங்கே திறப்பது, எந்த மனைக்கு அனுமதி மறுப்பது என்பவற்றை இதைக்கொண்டு முடிவு செய்யலாம். நில உயரத் தரவே இதன் உயிர். இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். விண்கல ரேடார் தரவில் சில மீட்டர் வரை பிழை உண்டு. ஒரு மீட்டர் நீரில் தரைத்தளம் மூழ்கும் தெருவுக்கு அது உதவாது. ட்ரோன் அல்லது லைடார் (லேசர்) அளவீடு வேண்டும்.

வெள்ளம் வந்தால் குடியிருப்போர் அணைத் திறப்பைக் குறை கூறுவர். ஆனால் நீலக் கோட்டுக்குள் எழுந்த கட்டடங்களும் கேட்டுக்குக் காரணம்.

இன்றைய நிலை

2019 ஆகஸ்டிலும் 2024 ஜூலையிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அணைத் திறப்பு எச்சரிக்கைகள் கைப்பேசிகளுக்கும் வருகின்றன.