குடை திருடியது யார்?

உறியில் வைத்த பால் குறைந்தால் பூனையின் மேல் ஐயம். கருவாடு காணாமற்போனால் அடுத்த வீட்டு நாயின் மேல் ஐயம். ஆராயாமலே தீர்ப்புக் கூறுவது நம் வீடுகளின் வழக்கம். இதற்கு மாறாக, ஐயத்தை ஆராய்ச்சியாக்கிச் சிறுவரைச் சிரிக்கவும் வைத்த நூலொன்று நம் நாட்டில் உண்டு. கிந்தோட்டையில் பிறந்த சிபில் வெத்தசிங்க எழுதிச் சித்திரமும் வரைந்த ‘குட ஹொரா’ என்னும் சிங்களக் கதையே அது. 1956இல் நூலாக வெளிவந்தது. குடைத் திருடன் என்பது பெயரின் பொருள்.

வாழையிலையும் சேம்பிலையும் பிடித்து மழையில் நடக்கும் ஊர். முதன்முறை பட்டினம் சென்ற கிரி மாமா குடையொன்று வாங்கி வருகிறார். கோப்பிக் கடையில் இளைப்பாறி எழுவதற்குள் குடை மறைகிறது. மீண்டும் மீண்டும் வாங்குகிறார். மீண்டும் மீண்டும் மறைகிறது. இறுதியில், மடக்கிய குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டு வைக்கிறார். சிதறிய துண்டுகளைத் தொடர்ந்து சென்றால், காட்டு மரத்தில் குடைகள் தொங்குகின்றன. கள்வன் ஒரு குரங்கு!

இழப்பு, அது திரும்பத் திரும்ப நிகழ்தல், பொறி, தடயம், எதிர்பாராக் கள்வன் என்று துப்பறியும் கதையின் உறுப்புகள் அனைத்தும் இங்கே உள்ளன. எட்கர் அலன் போ 1841இல் வெளியிட்ட துப்பறியும் கதையிலும் கொலை செய்தது, மாலுமி ஒருவனிடமிருந்து தப்பிய ஒராங்குட்டானே. அங்கே பிறப்பது அச்சம். இங்கே பிறப்பது நகை. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பியர் நிலைக்களன் ஆக்கினார். இக்கதையில் இளமையும் பேதைமையும் விளையாடுகின்றன. எள்ளல் மருந்துக்கும் இல்லை.

குடைகளை மீட்டெடுத்த கிரி மாமா, கள்வன் யாரென்று அறியுமுன்பே அவனுக்கென ஒரு குடையை விட்டு வருகிறார். தடயமின்றி எவரையும் குற்றஞ்சாட்டாமையும், கண்ட பின்னும் தண்டிக்க விரையாமையும் இக்கதையின் உயிர் என்போம். சிலப்பதிகாரத்துப் பாண்டியனிடம் இல்லாதிருந்தது இதுவே. பொற்கொல்லன் சொல்லொன்றே கோவலன் உயிருக்குப் போதுமானதாயிற்று.

எம்பிலிப்பிட்டியவில் இருந்து எழுதும் நாம் இதனை வெறும் இலக்கிய நயமாகக் கொண்டு அமைய முடியாது. 1989, 1990ஆம் ஆண்டுகளில் இவ்வூர்ப் பாடசாலை மாணவர் பலர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். அன்று ஐயத்துக்குத் தடயமும் தேவைப்படவில்லை, விசாரணையும் தேவைப்படவில்லை. 1999இல்தான் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் படையினர் சிலரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகள் திரும்பவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் கொங்காணியுடன் மழையில் நனைந்து உழைத்தோரும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால், பிறந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்டனர்.

ஆகவே, இச்சிறு நூலை நம் வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம். சிங்களச் சிறுவனும் தமிழ்ச் சிறுமியும் சேர்ந்து சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், எவரையேனும் எவரேனும் கள்வர் என்று காட்டும்போது, “கடதாசித் துண்டு எங்கே?” என்று கேட்கப் பழகட்டும்.