பெயர் சொல்லி நினைக்கும் பிள்ளைகள்



பரிசளிப்பு விழா மலரில் ஸ்காட்லாந்துக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நம் தாத்தாக்கள் கைகட்டி நின்ற துரைமார்களில் பல பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1821-இல் அலெக்சாண்டர் கத்ரி என்ற ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகமே பின்னாளில் மலாயாவில் பெரிய ரப்பர் கம்பெனியாக வளர்ந்தது. துரைமார்களை அதிகாரம் செய்தவர்களாகவே நாம் அறிவோம். ஆனால் அவர்கள் நாட்டிலும் ஏழைகள் இருந்தார்கள். குடியிருந்த மண்ணைவிட்டு விரட்டப்பட்டவர்கள் இருந்தார்கள். அந்த மக்களின் வழிவந்தவர்கள், இறந்தவர்களை எப்படி நினைக்கிறார்கள் என்பதையே இங்கே சொல்ல வந்தேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாடு. அங்கே மக்கள் குலம் குலமாக வாழ்ந்தார்கள். குலத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கிளான்'. அவர்களுடைய கேலிக் மொழியில் அதற்குப் 'பிள்ளைகள்' என்று பொருள். 'மெக்' என்றால் மகன். மெக்டொனால்ட் என்றதும் நம் பிள்ளைகளுக்கு பர்கர் கடைதானே ஞாபகம் வருகிறது? உண்மையில் அது 'டொனால்டின் மகன்' என்ற பழைய குலப்பெயர். ஒரு குலத்தில் எல்லாருமே இரத்த உறவு அல்ல. தலைவனின் நிலத்தில் குடியிருந்தவர்களும் அந்தப் பெயரையே தங்கள் பெயராக ஏற்றுக்கொண்டார்கள்.

1746 ஏப்ரல் 16. இன்வர்னஸ் நகருக்கு அருகே கல்லோடன் என்னும் பொட்டல் வெளி. தன் தந்தைக்கு அரியணையை மீட்டுத் தர வந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் பக்கம் பல குலங்கள் நின்று போரிட்டன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். உடல்களைக் குழிகளில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள். 135 ஆண்டுகள் கழித்து, 1881-இல், அந்த நிலத்தின் உரிமையாளர் டங்கன் ஃபோர்ப்ஸ் அங்கே கற்களை நட்டார். ஒரு கல்லில் ஃபிரேசர் குலம், இன்னொன்றில் மெக்கின்டோஷ் குலம் என்று எழுதியிருக்கிறது. ஒரு கல்லில் 'கலந்த குலங்கள்' என்று மட்டும் இருக்கிறது. பாருங்கள், அந்தக் குழிகளில் கிடப்பவர்களுக்குக் குலப்பெயர் மிஞ்சியது. சொந்தப் பெயர் மிஞ்சவில்லை.

துன்பம் அதோடு முடியவில்லை. மலைநாட்டு உடையை அணியக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1782-இல்தான் அது நீங்கியது. பிறகு, ஆடு வளர்த்தால் அதிக வருமானம் என்று நிலச்சுவான்தார்கள் குடிகளை வெளியேற்றினார்கள். 1814-இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ஏழைகளின் கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். இப்படி வாழ வழியற்றுப் போனவர்களில் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பல் ஏறினார்கள். 'லயத்தைக் காலி பண்ணு' என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு அந்த வேதனையை நான் விளக்க வேண்டுமா?

சிதறிப்போன பிள்ளைகளைச் சேர்த்துவைத்தவை குலச் சங்கங்கள். அவற்றில் மிகப் பழையது 1725-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய புகானன் சங்கம். தங்கள் பெயர் கொண்ட ஏழைகளுக்கு உதவவும், பையன்கள் படிக்கவும் தொழில் பழகவும் கைகொடுக்கவே அதைத் தொடங்கினார்கள். பின்னர் அவர்கள் குடியேறிய நாடுகளிலும் இத்தகைய சங்கங்கள் பெருகின.

இந்தச் சங்கங்கள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆண்டுக் கூட்டத்தில், முந்திய கூட்டத்துக்குப் பிறகு காலமான உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பைக்குழல் வாசிப்பவர் 'வனத்தின் மலர்கள்' என்ற இரங்கல் இசையை வாசிப்பார். 1513-இல் ஃபிளாடன் போர்க்களத்தில் மன்னர் நான்காம் ஜேம்ஸுடன் மடிந்த வீரர்களுக்கான இசை அது. இறுதிச் சடங்கிலும் நினைவு நாளிலும் தவிர, அதைப் பொது இடத்தில் வாசிக்கக்கூடாது என்பது குழல்காரர்களின் கட்டுப்பாடு. சங்க இதழ்களிலும் அதே தலைப்பின் கீழ் மறைந்தவர்களின் பெயர்களை அச்சிடுவது உண்டு. தலைவராக இருந்தவரும், சந்தா மட்டும் கட்டிவந்தவரும் ஒரே பட்டியலில் இடம் பெறுகிறார்கள்.

கல்லோடன் குழியில் கிடப்பவர்களுக்கு இனி யாராலும் பெயர் தர முடியாது. இனிமேல் சாகிறவராவது பெயர் இல்லாமல் போகக்கூடாது. அந்த வாசிப்பின் பொருள் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் கதைக்கு வருவோம். அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று சொன்னவருக்குத்தான் அன்றைய கூலி. செத்துப்போனால் செக்ரோலில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பெயரை யார் கூப்பிட்டார்கள்? என் பாட்டியைத் தோட்டத்து இடுகாட்டில்தான் புதைத்தார்கள். கல் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. இன்று அந்த இடத்தை என்னால் அடையாளம் காட்ட முடியாது.

ஒருநாள் வகுப்பில், "உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன?" என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. பாட்டியின் பெயரையாவது சொல்லுங்கள் என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, "பாட்டி பேரு பாட்டிதான் டீச்சர்" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோர்களே, இதற்குப் பணம் வேண்டாம், சங்கமும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். உங்கள் குடும்பத்தில் மறைந்தவர் பெயர், பிறந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் என்ன வேலை பார்த்தார் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ரஜுலா கப்பலைப் பற்றிக் கதை சொல்லக்கூடிய பெரியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள். இன்றைக்கே கேளுங்கள்.

அடுத்த பரிசளிப்பு விழாவில், பரிசு பெறுபவர்களின் பெயர்களை வாசிக்கும் முன், நம் தோட்டத்தில் உழைத்து மறைந்தவர்களின் பெயர்களையும் வாசிப்போம். பெரட்டில் அடிபட்டுப்போன பெயர்களை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கூப்பிடட்டும்.