ஒரு பறவை, இரண்டு பெயர்கள்: குக்கூவும் கவுக்கும்

ஐரோப்பியக் குயிலுக்கு ஆங்கிலம் வழங்கும் நாட்டில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, உலகறிந்த 'குக்கூ'. இன்னொன்று, ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் வழங்கும் 'கவுக்'. இரண்டுமே பறவையின் கூவலைக் கேட்டு மனிதர் திருப்பிச் சொன்ன ஒலிக்குறிப்புச் சொற்கள்தாம். ஆனால் ஒன்றில் அந்தக் கூவல் இன்றும் கேட்கிறது. மற்றொன்றில் தேய்ந்து மறைந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இத்தகைய சொற்களை உயிரோடு வைத்திருப்பது எது என்பது விளங்கும்.

கவுக்கின் குடும்பமே மூத்தது. ஜெர்மானிய மொழிகள் கிளை பிரிவதற்கு முன் 'கவ்கஸ்' என்றொரு மூலவடிவம் இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலார் முடிவு. அதிலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்த சொல்லில் முதல் ககரம் யகரமாகக் குழைந்து, ஏறக்குறைய 'யேஅக்' என்று ஒலித்தது. எக்ஸிடர் கதீட்ரலில் பாதுகாக்கப்படும் பத்தாம் நூற்றாண்டு ஏட்டில் உள்ள 'தி சீஃபேரர்' என்ற கவிதையில் இந்தப் பெயரோடுதான் பறவை வருகிறது. கடலோடியின் காதில் அதன் குரல் துயரமாக விழுகிறது. இன்றைய 'கவுக்' வடிவம் வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி வழியே வந்தது.

குக்கூ இளையது. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. இதுவும் அவற்றில் ஒன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த 'சுமர் இஸ் இகுமென் இன்' என்ற பாடலில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஒருவர் தொடங்க மற்றவர் அடுத்தடுத்துச் சேர்ந்துகொள்ளும் பாட்டு அது. அதில் பறவை கோடையின் மகிழ்ச்சியை அறிவிக்கிறது. அதே குரலைப் பழைய கவிதை துக்கமாகவும் புதிய பாடல் களிப்பாகவும் கேட்டிருக்கின்றன.

இரண்டு சொற்களும் முற்றிலும் பிரிவது ஒலி வரலாற்றில்தான். ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையே ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் இடம் மாறின. 'மூஸ்' என்ற எலி 'மவுஸ்' ஆயிற்று. 'ஹூஸ்' என்ற வீடு 'ஹவுஸ்' ஆயிற்று. 'கூ' என்ற பசு 'கவ்' ஆயிற்று. இதே விதிப்படி குக்கூவும் 'குக்கவ்' ஆகியிருக்க வேண்டும். பழைய அச்சு நூல்களில் அப்படிப் படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலும் உண்டு. ஆனால் வாய்மொழி மாறவில்லை. காரணம் எளியது: ஏப்ரல் தோறும் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும் ஆண் பறவை, மேலிருந்து கீழிறங்கும் இரண்டே சுரங்களில் தன் பெயரைத் தானே சொல்லித் தந்தது. பறவையைக் கேட்ட காது, நழுவிய உயிரொலியை இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தியது. கவுக்குக்கு இந்தத் திருத்தம் கிடைக்கவில்லை. மற்றச் சொற்களைப் போலவே அதுவும் ஒலி மாற்றங்களுக்கு உட்பட்டது. மொழியியலாளர் சொசூரின் விரிவுரைகள் 1916இல் நூலானபோது அதில் இதற்கு இணையான ஒரு சான்று இடம்பெற்றது. குஞ்சின் கீச்சொலியிலிருந்து பிறந்த லத்தீன் 'பிபியோ', பிரெஞ்சில் 'பிஜோன்' ஆனபோது கீச்சொலி போய் வெறும் பெயர் நின்றது. அதுதான் ஆங்கிலத்தின் 'பிஜன்', அதாவது புறா.

பொருளில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஒரே குரலை ஓயாமல் கூவுவதாலோ என்னவோ, இரண்டு பெயர்களும் 'முட்டாள்' என்ற பொருளை ஏற்றன. ஏப்ரல் முதல் நாள் ஏமாற்று விளையாட்டுக்கு ஸ்காட்லாந்தில் 'கவுக் வேட்டை' என்று பெயர். கடிதத்தைக் கொடுத்து ஒருவரை அனுப்புவார்கள். வாங்கிப் படிப்பவர் அவரை இன்னொருவரிடம் அனுப்ப வேண்டும் என்பதே அதிலுள்ள செய்தி. குக்கூவுக்கு ஷேக்ஸ்பியர் காலத்திலேயே அசடு என்ற பொருள் உண்டு. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அது 'கிறுக்கு' ஆயிற்று. ஆனால் குக்கூவின் குடும்பத்தில் மட்டும் ஒரு தனிக்கிளை இருக்கிறது. மனைவியின் துரோகத்துக்கு ஆளான கணவனைக் குறிக்கும் 'கக்கல்ட்' என்ற சொல் அதன் பழைய பிரெஞ்சு வடிவத்திலிருந்து கிளைத்தது. பிற பறவையின் கூட்டில் முட்டையிடும் பழக்கமே அதன் அடிப்படை. பொரிந்து வந்த குஞ்சு மற்றக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதை 1788இல் விவரித்து எழுதியவர், பின்னாளில் அம்மைத் தடுப்பூசியால் புகழ்பெற்ற எட்வர்ட் ஜென்னர்.

ஒலி தேய்ந்தால் பெயர் தோற்றுவிடுமா? அண்டை மொழிகள் இரண்டு விடை தருகின்றன. ஜெர்மனியில் கவுக்கின் உறவான 'கவுஹ்' முட்டாளைக் குறிக்கும் பழஞ்சொல்லாக ஒதுங்க, பறவையின் பெயரை 'குக்குக்' எடுத்துக்கொண்டது. சுவீடனிலோ அதே குடும்பத்தின் 'யோக்' இன்றும் பறவையின் பெயராகவே நிற்கிறது. ஆக, ஒலி தேய்வது மட்டும் ஒரு சொல்லை வீழ்த்திவிடாது. கூவலுக்கு நெருக்கமான இன்னொரு சொல் பக்கத்தில் வரும்போதுதான் அது பின்வாங்குகிறது.

நம் குயில் இதே குடும்பத்துப் பறவை. ஆனால் வேறு இனம், அதன் கூவலும் வேறு. ஆங்கிலேயர் அதைக் குக்கூ என்று அழைக்காமல், இந்தியிலிருந்து 'கோயல்' என்ற ஒலிக்குறிப்புச் சொல்லையே கடன் வாங்கினர். எந்தக் குரலோ அதற்கேற்ற பெயர் என்பதை அவர்கள் காதும் ஒப்புக்கொண்டது.

பிரிட்டனில் குக்கூ 2009 முதல் பாதுகாப்புக்கான சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மொழியின் உயிரொலிகளே இடம் மாறியபோதும் இந்தப் பெயரைக் காத்தது இலக்கணமோ அகராதியோ அல்ல, வயல்வெளியில் கேட்ட குரல். அந்தக் குரல் கேட்காத ஊரில் வளரும் குழந்தைக்குக் 'குக்கூ' என்பதும் 'பிஜன்' போல் ஒரு வெறும் பெயர்தான். பறவையைக் காப்பதில் மொழியை நேசிப்பவர்களுக்கும் பங்குண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.