கில்லெஸ்பி சாப்பிடாத விருந்து

நம்ம திருவண்ணாமலையிலிருந்து போளூர், ஆரணி தாண்டிப் போனா ஆற்காடு. 1806-ல் அங்கே 19-வது லைட் டிராகூன்ஸ் என்ற வெள்ளைக்காரக் குதிரைப்படை இருந்தது. 1782-லேயே மெட்ராஸ் வந்த ரெஜிமெண்ட். ஊரை விட்டு வந்த ஆபீசர்களுக்குப் பங்கு போட்டு நடத்தும் மெஸ், ஒயின், பக்கத்து முகாமில் விருந்து, இதுதான் உலகம்.

ரெஜிமெண்டின் கர்னல் கில்லெஸ்பியும், 25 கிலோமீட்டர் தள்ளி வேலூர்க் கோட்டையில் இருந்த கர்னல் ஃபேன்கோர்ட்டும் பழைய சிநேகிதர்கள். ஜூலை 9 ராத்திரி அங்கே சாப்பிட்டுத் தூங்குவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் ஏதோ கடித வேலை வந்து கில்லெஸ்பி போகலை. விடியறதுக்குள்ள சிப்பாய்கள் எழுந்துட்டாங்க, ஃபேன்கோர்ட் செத்தார். காலையில் குதிரை ஏறிக் கிளம்பின கில்லெஸ்பிக்கு வழியிலேயே சேதி வந்தது. டிராகூன்களோடு கோட்டைக்குள் புகுந்தார். செத்த சிப்பாய்கள் 350க்கும் மேல்னு கணக்கு.

இந்த விருந்துக் கதையைச் சொல்லி எல்லாரும் 'விதி'ங்கறாங்க. எனக்கு உறுத்துறது வேற. மே மாசமே புதுத் தலைப்பாகையை மறுத்த 2 சிப்பாய்களுக்கு 900 கசையடின்னு தீர்ப்பு. ஜூன்ல முஸ்தபா பேக் என்ற சிப்பாய் நேராப் போய், சதி நடக்குதுன்னு அதிகாரிகிட்ட சொன்னார். பைத்தியம்னு பிடிச்சு அடைச்சாங்க. கூடவே கோட்டைக்குள்ள இருந்தவன் பேச்சு ஏறலை.

எல்லாம் முடிஞ்சதும் அதே முஸ்தபா பேக்குக்கு 2000 பகோடா வெகுமதி (தின்கிற பகோடா இல்லைங்க, நம்மாளுங்க வராகன்னு சொன்ன தங்கக் காசு).