வேர்லரில் சுழன்ற தகடு

பிளேட் கிரெயினிங் என்றொரு வேலை நம் பக்கத்தில் இருந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் விழிப்பார்கள்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது நமக்கெல்லாம் தெரிந்த கதை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். அப்படி வளர்ந்ததுதான் இங்கே லித்தோ தொழில். ஜெர்மனியில் செனிஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த முறை அது. அவர் அச்சடித்தது சுண்ணாம்புக்கல்லில். பின்னால் துத்தநாகத் தகடு வந்தது.

1970-களில் திருத்தங்கலிலிருந்து சைக்கிளில் போய், சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பிளேட் பிரிவில் வேலை பார்த்தேன். பழைய தகட்டைத் தொட்டியில் வைத்து, மேலே கோலிக்குண்டும் மணலும் தண்ணீரும் போட்டு ஆட்டுவார்கள். பழைய படம் தேய்ந்து, தகடு முழுக்க மெல்லிய சொரசொரப்பு வரும். பூச்சைப் பிடித்து நிறுத்துவது அதுதான். பிறகு நீர்த்த அமிலத்தில் கழுவுவோம். தண்ணீர் ஊற்றினால் எங்கும் விலகாமல் ஒரே விரிப்பாக நிற்க வேண்டும். விலகினால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். விரல் பட்ட இடம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வேர்லர். தகட்டை அதில் பூட்டி, முட்டை வெள்ளைக்கருவும் அமோனியம் பைக்ரோமேட்டும் கலந்த கரைசலை நடுவில் ஊற்றிச் சுழற்றுவோம். கரைசல் ஓரம்வரை சமமாகப் பரவிக் காயும். பூச்சு கனத்தால் வெளிச்சம் அடிவரை இறங்காது, கழுவும்போது படம் உரிந்துவிடும். மெலிந்தால் அச்சில் சீக்கிரம் தேயும். மழைக்காலத்தில் பூசிய தகட்டை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

பைக்ரோமேட் பொல்லாதது. எங்கள் பிரிவில் ஒரு பெரியவருக்கு விரலிடுக்கில் ஆறாத புண். சோறு பிசைய முடியாமல் கரண்டியால்தான் சாப்பிடுவார். கையுறை யாருக்கும் தரவில்லை.

பூச்சுடனேயே வரும் பி.எஸ். பிளேட்டை அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1951-ல் கொண்டுவந்தது. அது நம் ஊருக்கும் வந்தபின் தொட்டியும் வேர்லரும் பழைய இரும்புக்குப் போயின.

ஆனால் அந்த வித்தை சாகவில்லை. கணினிச் சில்லு செய்கிறவர்களும் சிலிக்கான் தகட்டைத் தூசி, பசை இல்லாமல் கழுவி, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழற்றித்தான் பூச்சு போடுகிறார்கள். அந்தப் பூச்சில் ஒரு வகை, ஜெர்மனியின் காலே நிறுவனம் முதலில் அச்சுத் தகட்டுக்காக உருவாக்கியது.

காலண்டர்ப் படத்தில் ஓவியர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். தகடு தேய்த்தவர் பெயர் இருக்காது. அந்த வேலை பார்த்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், கேட்டு எழுதி வையுங்கள்.