ஆங்கிலக் கட்டுரையில் இணைப்புச் சொற்களும் நடை ஒருமையும்

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழகுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறுகின்றனர். ஒன்று, தொடங்கிய தொனியிலேயே முடிக்காமல் நடுவில் வேறு குரலுக்கு மாறிவிடுதல். மற்றொன்று, 'பட்', 'தேர்ஃபோர்', 'ஹவெவர்' போன்ற இணைப்புச் சொற்களை, இரு வாக்கியங்களுக்கு இடையே உண்மையில் என்ன உறவு இருக்கிறது என்று பாராமல் போட்டுவிடுதல். இவ்விரண்டையும் பற்றி இன்று பாடநூல்களில் காணப்படும் விதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. அவற்றுக்குப் பின்னால் தத்துவம், இதழியல், ஒரு சிறைவாசம் ஆகியவை சேர்ந்த வரலாறு உண்டு.

ஆங்கிலத்தில் 'எஸ்ஸே' என்ற பெயரில் நூல் வெளியிட்டுப் புகழ்பெற்ற முதல்வர் பிரான்சிஸ் பேக்கன். 1597இல் வந்த அவரது முதல் பதிப்பில் 10 கட்டுரைகளே இருந்தன. 1625இல் அவை 58 ஆயின. முதல் பதிப்பின் கட்டுரைகளில் இணைப்புச் சொற்கள் குறைவு. நறுக்குத் தெறித்தாற்போன்ற வாக்கியங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும். அவற்றைத் தொடுத்துக்கொள்வது வாசகரின் வேலை. பிந்தைய பதிப்புகளில் பேக்கனே பலவற்றை விரித்தும் தொடுத்தும் எழுதினார்.

இணைப்புச் சொற்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் ஜான் லாக். மனித அறிவு பற்றிய அவரது பெருநூல் 1690ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது. அதன் மூன்றாம் பகுதியில் ஏழாம் அதிகாரம் முழுவதும் இத்தகைய சிறு சொற்களைப் பற்றியது. மிகச் சிறிய அதிகாரம்தான். ஆனால் கட்டுரை எழுதுவோர் படிக்க வேண்டியது. பொருள்களுக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்கு மனம் எப்படிச் செல்கிறது, எங்கே நிற்கிறது, எதைத் தடுக்கிறது, எதை வலியுறுத்துகிறது என்பதைக் காட்டும் சொற்களும் வேண்டும் என்பது அவர் வாதம். 'பட்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு இலத்தீனில் இது, பிரெஞ்சில் இது என்று நேர்ச்சொல் காட்டியதோடு விளக்கம் முடிந்துவிட்டதாக நினைப்பவர்களை அவர் குறை கூறுகிறார். அந்த ஒரு சொல் ஓரிடத்தில் பேச்சை நிறுத்துகிறது, ஓரிடத்தில் 'இவ்வளவே' என்று எல்லை கட்டுகிறது, ஓரிடத்தில் எதிர்க்கிறது, ஓரிடத்தில் வாதத்தின் அடுத்த படியை மட்டும் சேர்க்கிறது என்று எடுத்துக்காட்டுகளால் காட்டுகிறார். 'பட் என்றால் ஆனால்' என்று மனப்பாடம் செய்வோருக்கும் இது பொருந்தும். இடைச்சொற்களுக்கெனத் தனி இயல் வகுத்த தொல்காப்பியத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு லாக்கின் அக்கறை புதிதாகத் தோன்றாது.

தொனியின் ஒருமையை நிலைநாட்டியது ஓர் இதழ். ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் நடத்திய 'ஸ்பெக்டேட்டர்' 1711 மார்ச் 1 முதல் 1712 டிசம்பர் 6 வரை 555 இதழ்கள் வெளிவந்தது. எழுதியவர்கள் பலர், பேசும் குரல் ஒன்று. எல்லாவற்றையும் ஒதுங்கி நின்று கவனிக்கும் கற்பனை மனிதர் ஒருவரின் குரல் அது. காப்பிக் கடையில் படிப்பவருக்கும் புரியும்; கற்றவருக்கும் சலிக்காது.

அமெரிக்காவின் பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய பெஞ்சமின் பிராங்கிளின் கையில் இவ்விதழின் ஒரு தொகுதி கிடைத்தது. அவர் செய்த பயிற்சியைத் தம் தன்வரலாற்றில் விவரித்துள்ளார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைத்துவிட்டு, சில நாள் கழித்து, நூலைப் பாராமல் கட்டுரையை மீண்டும் எழுதுவார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சிலமுறை குறிப்புகளையே கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து அவற்றைச் சரியான வரிசையில் அடுக்க முயல்வார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தப் பழகுவதற்காகவே இப்படிச் செய்ததாகக் கூறுகிறார். இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றை உருப்போடுவதைவிட இது நூறு மடங்கு பயனுள்ள பயிற்சி, செலவும் இல்லை.

ஒரு சிறு சொல் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு ஜான் ஹார்ன் டூக்கின் வழக்கு சான்று. 1775இல் லெக்சிங்டன், கான்கார்ட் ஆகிய இடங்களில் மன்னரின் படையினர் அமெரிக்கக் குடியேற்றவாசிகளைக் கொலை செய்தனர் என்று கூறி, இறந்தோரின் குடும்பங்களுக்கு நிதி திரட்டும் விளம்பரத்தை அவர் வெளியிட்டார். அதற்காக 1777இல் அவதூறு வழக்கில் தண்டிக்கப்பட்டார். ஓராண்டுச் சிறை, 200 பவுண்டு அபராதம். குற்றச்சாட்டு எழுதப்பட்ட சொற்கள் குற்றத்தை நேராக நிறுவவில்லை என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு பழைய வழக்கொன்றை முன்மாதிரியாகக் காட்டியது. அதில், ஒருவர்மீது மோசடிக் குற்றம் சாட்டப்பட்டது 'என்று அறிந்து' ஒரு பெண் ஒரு செயலைச் செய்தாள் என எழுதப்பட்டிருந்தது. அவள் அறிந்தாள் என்பதுதான் சொல்லப்பட்டதா, குற்றம் சாட்டப்பட்டது என்பதும் உறுதியாகச் சொல்லப்பட்டதா? 'தட்' என்ற சொல்லைச் சுற்றியது சிக்கல். அது வெறும் ஒட்டுச்சொல் அன்று, 'அதை' என்று சுட்டும் சொல்லே. அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது, அதை அறிந்தே அவள் செய்தாள் என்று பிரித்துப் படிக்கலாம் என டூக் விளக்கினார். ஆகவே அந்த முன்மாதிரி தம் வழக்குக்குப் பொருந்தாது என்பது அவர் முடிவு. 1778இல் வழக்கறிஞர் ஜான் டன்னிங்குக்கு எழுதிய கடிதமாக இதை வெளியிட்டார். இரண்டு முன்னிடைச் சொற்களுக்கும் ஓர் இணைப்புச் சொல்லுக்கும் பலியானவன் என்று தம்மையே பின்னர் குறிப்பிட்டார். 1786இல் வந்த அவரது இலக்கண நூலில், 'இஃப்' என்பது 'கிவ்' என்ற வினையிலிருந்து பிறந்தது என்பன போன்ற ஊகங்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பிற்கால மொழியியல் ஏற்கவில்லை. எனினும் இச்சொற்கள் பொருளற்ற ஒட்டுகள் என்ற எண்ணத்தை அவர் அசைத்தார்.

வகுப்பறைக்கு இவற்றைக் கொண்டுவந்தவர்கள் ஸ்காட்லாந்தின் பேராசிரியர்கள். எடின்பரோவில் கற்பித்த ஹியூ பிளேர், 1783இல் அச்சான தம் சொற்பொழிவுகளில் 'ஸ்பெக்டேட்டர்' கட்டுரைகள் நான்கை வாக்கியம் வாக்கியமாக ஆராய்கிறார். அடிசனையும் திருத்தத் தயங்குவதில்லை. 'அண்ட்' என்பதை அளவுக்கு மீறிப் போட்டால் நடை தளரும் என்பது அவர் எச்சரிக்கை. ஆனால் எண்ணும் பொருள்கள் ஒவ்வொன்றிலும் வாசகர் நின்று செல்ல வேண்டுமானால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடலாம் என்றும் சொல்கிறார். அபர்டீனின் அலெக்சாண்டர் பெய்ன் 1866இல் பத்திக்கு விதிகள் வகுத்தார்: ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதோடு கொண்ட தொடர்பு தெளிவாக இருக்க வேண்டும், பத்தி பேசுபொருளை விட்டு விலகக் கூடாது என்பன அவற்றுள் சில. பெய்ன் தருக்கப் பேராசிரியர் என்பது கவனிக்கத்தக்கது. 1976இல் ஹாலிடே, ருக்கையா ஹசன் ஆகியோர் இத்தொடர்புகளைச் சேர்ப்பு, எதிர்ப்பு, காரணம், காலம் என நான்காக வகைப்படுத்தினர்.

மாணவர்கள் 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' சேர்ப்பது இன்று பிழை. எதிர்ப்பை முதற்சொல்லே காட்டிவிடுவதால் இரண்டாவது மிகை. ஆயினும் 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் 'தோ' என்று தொடங்கி 'யெட்' என்று தொடரும் இரட்டை வழக்கு இயல்பாகவே இருந்தது. இன்றும் பழைய நடையில் அது பிழையாகக் கருதப்படுவதில்லை.